ஓடாத மேடையில் ஒரு பாட்டு

மேடையில் நின்றவர்கள் இவர்கள்.

ஸ்டெல்லா. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவு. வயது ஐம்பத்தேழு. நடுவில் நின்றாள்.

பிலோமினா. கார்மென்ட்ஸில் காஜா மெஷின். ஸ்டெல்லாவுக்கு வலப்பக்கம்.

கிரேஸ். அதே கார்மென்ட்ஸ். பிலோமினாவுக்கு ஓரகத்தி. இரண்டு பேரும் வீட்டில் பேசுவதில்லை. வண்டியில் பேசுவார்கள்.

ராணி. ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவள்.

லட்சுமி. பேத்தமங்களாவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீட்டில் தெலுங்கு. எங்கள் சர்ச் இல்லை. எந்தச் சர்ச்சும் இல்லை.

திவ்யா. சின்னவள். கால் சென்டர்.

நான். லட்சுமியும் நானும் ஒரே கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். ஓரத்தில் நின்றேன்.

எதிரே முதல் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், அம்புரோஸ் மாஸ்டர். எங்கள் சர்ச்சின் பாடகர் குழு அவர் கையில். மடியில் ரிஜிஸ்டர்.

மே மாதத்து ஞாயிறு. சாயங்காலம் ஐந்தரை. வெயில் இன்னும் முகத்தில் அடித்தது. தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பி, வெள்ளை மண் மேடைப் பலகையில் படிந்து கிடந்தது. செருப்புக்கடியில் நறநறவென்றது.

ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். இறக்கினாள்.

பாட்டு வரவில்லை.

சிவப்புக் கோடு

போன வாரம் இந்தப் பத்தியில் தண்ணீர் லாரி வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பிலோமினா சண்டைக்கு வந்தாள். குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தது தான் இல்லையாம், கிரேஸாம். சரி, இங்கே திருத்திவிட்டேன். இந்த வாரம் கிரேஸ் வருவாள்.

இந்த வாரம் பாட்டு.

எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறரைக்குப் பயிற்சி. வந்தால் டிக். வராவிட்டால் வட்டம். மூன்று வட்டம் சேர்ந்தால் பேர் மேல் சிவப்புக் கோடு. கோடு விழுந்தவர்கள் மேலே மாடத்துக்கு ஏறக்கூடாது. கீழே பெஞ்சில் நின்று எல்லோரோடும் சேர்ந்து பாடலாம்.

இதில் யார்மேலும் குறை இல்லை. அம்புரோஸ் மாஸ்டர் தன் மகள் பேர் மேலேயே கோடு போட்டவர்.

நாங்கள் போகிற வண்டி சாயங்காலம் திரும்பி வர எட்டரை ஆகிவிடும். சில நாள் ஒன்பது. ஆறரைக்கு நாங்கள் எங்கே இருப்போம்? ஒயிட்ஃபீல்ட் தாண்டி, நின்றபடி, ஒருத்தி முழங்கை இன்னொருத்தி விலாவில்.

ஸ்டெல்லாவின் புருஷன் தவறிப் போன பிறகுதான் அவள் பெங்களூர் வேலைக்கு வந்தாள். வந்த இரண்டாம் வாரமே பேர் மேல் கோடு விழுந்தது. அப்போது அவள் குழுவில் முதல் குரல். பதினாறு வயதிலிருந்து முதல் குரல்.

ஏழு வருஷம் பெஞ்சில் நின்றாள்.

அவள் குரல் பெரிது. பெஞ்சிலிருந்து அது கிளம்பினால் முன் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். திட்டுகிற பார்வை இல்லை. சும்மா திரும்புவார்கள். அதற்காக அவள் குரலைக் குறைத்தாள். முதல் வருஷம் கொஞ்சம். பிறகு பாதி. கடைசியில் பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்காது. வாய் மட்டும் அசையும்.

நானும் அவளும் ஐந்தாவது வரை ஒரே வகுப்பு. அதற்கு மேல் இரண்டு பேரும் படிக்கவில்லை. ஒருநாள் கேட்டேன்.

"இன்னாத்துக்கு வாயை அசைக்கிறே? சும்மா நின்னாதான் இன்னா?"

"சும்மா நின்னா அழுக வருதுமே," என்றாள்.



வண்டியில்

காலையில் வண்டி மாரிக்குப்பத்தில் கிளம்பும். சாம்பியன், உரிகம், கோரமண்டல். நாங்கள் கோரமண்டலில் ஏறுவோம். லேடீஸ் பெட்டி. எங்களுக்கென்று சீட் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் சீட்டில் வேறு ஆள் உட்கார மாட்டார்கள். அவர்கள் சீட்டில் நாங்கள் உட்கார மாட்டோம். ஒரு வாரம் லீவு போட்டால் சீட் போய்விடும். காய்ச்சலோடு வேலைக்குப் போனவளைப் பார்த்திருக்கிறேன். சம்பளத்துக்காக இல்லை, ஜன்னல் சீட்டுக்காக.

பங்காருப்பேட்டை வந்தால் கூட்டம் நெருக்கும். அதுவரைதான் மூச்சு.

அந்த இடைவெளியில் ஸ்டெல்லா ஒருநாள் பாடினாள். எப்போது தொடங்கினாள் என்று சரியாக நினைவில்லை. குளிர்காலம். ஜன்னல் ஷட்டர் எல்லாம் மூடி இருந்தது. முதலில் முனகல். வண்டிச் சத்தத்தில் முன்னால் இருப்பவளுக்கு எது கேட்கும்? யாரும் திரும்பவில்லை. அவள் கொஞ்சம் கூட்டினாள். யாரும் திரும்பவில்லை. இன்னும் கூட்டினாள்.

பிறகு பிலோமினா சேர்ந்தாள். பிலோமினா சேர்ந்ததால் கிரேஸ் சேர்ந்தாள்.

எதிர் சீட்டில் தூங்குகிற ஒரு அம்மா மட்டும் தினமும் கத்துவார்.

"கொஞ்சம் தூங்க வுடுங்கமே! வூட்லதான் தூக்கம் இல்ல, இங்கயுமா?"

"தாலாட்டுதான் பாடறோம், தூங்கும்மா," என்பாள் ராணி.

பத்து நாள் கழித்து ஸ்டெல்லாவுக்குச் சளி பிடித்துப் பாடவில்லை. அதே அம்மா ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னா இன்னிக்கு? லீவா?"

லட்சுமி சேர்ந்தது வேறு கதை. அவளுக்கு எங்கள் பாட்டு ஒன்றும் தெரியாது. சொற்களைத் தெலுங்கில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் காது இருக்கிறதே, அது எங்களுக்கு இல்லை. ஸ்டெல்லா மேலே போனால் அவள் கீழே ஒரு வழி பிடித்து, தொட்டும் தொடாமலும் கூடவே வருவாள்.

"யார்கிட்ட கத்துக்கினே?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"கத்துக்கல அக்கா. வயல்ல நடவு நடறப்ப எல்லாரும் ஒரே மாதிரி பாடினா போர் அடிக்கும். அதுக்கு இப்டி."

மூன்று ஷிப்ட்

என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் மரம் கட்டுகிற வேலை. தாங்குமரம் நிறுத்துகிறவர். அவரும் பாடகர் குழுவில் இருந்தார். அடிக்குரல்.

அப்போது சுரங்கத்தில் மூன்று ஷிப்ட். பாடகர் குழுவுக்கும் மூன்று பயிற்சி. காலை ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்குச் சாயங்காலம். மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குக் காலை. நைட் ஷிப்ட்காரர்களுக்கு மத்தியானம், தூங்கி எழுந்த பிறகு. அதே பாட்டு, மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை மூன்றும் ஒன்றாகச் சேரும். முன்பின் பார்க்காதவர்கள் ஒரே மூச்சில் பாடுவார்கள் என்று அம்மா சொல்வார்.

அப்பா குளித்துவிட்டு வந்தாலும் காது மடிப்பில் சாம்பல் நிறத்தில் தூள் இருக்கும். பாடும்போது அதை விரலால் நோண்டிக்கொண்டே இருப்பார். அவர் பாட்டு எனக்கு நினைவில்லை. காது நினைவிருக்கிறது.

வீட்டில் அவர் பாடியதே இல்லை. பேசியதும் குறைவு. எனக்கும் அதுதான் வந்திருக்கிறது.

சுரங்கம் மூடிய பிறகு ஷிப்ட் போயிற்று. பயிற்சி ஒன்றாயிற்று.

இதை நான் ஒருநாள் வண்டியில் சொன்னேன். சும்மா சொன்னேன். ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிறே பூசை முடிந்ததும் அம்புரோஸ் மாஸ்டர் முன்னால் போய் நின்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"சார், அந்தக் காலத்துல மூணு ஷிப்டுக்கு மூணு பிராக்டீஸாமே?"

"ஆமா. எனக்குத் தெரியாதா? நானே நைட் ஷிப்ட் பிராக்டீஸ்ல ஆர்மோனியம் வாசிச்சவன்."

"அப்ப ட்ரெயினும் ஒரு ஷிப்ட்தானே சார்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஷிப்டுன்னா சங்கு ஊதும், ஸ்டெல்லா. ஊருக்கே கேக்கும். இறங்கற நேரமும் தெரியும், ஏர்ற நேரமும் தெரியும். உங்க ட்ரெயின் எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது."

"நாங்க வண்டியிலயே பாடறோம் சார். தினமும்."

"வண்டியில பாடறது பிராக்டீஸா? யாரு கேக்கறாங்க? யாரு திருத்தறாங்க?"

ஸ்டெல்லா நகரவில்லை. அவளுக்கு வேர்த்தது. நான் தரையைப் பார்த்தேன். ஒரு நாய் வெயிலுக்குப் படியின் நிழலில் படுத்திருந்தது.

மாஸ்டர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"சரி. மே மாசம் சர்ச் ஃபேட் வருது. மேடையில ஒரு பாட்டு உங்களுக்கு. மழைப் பாட்டு. அது ஒழுங்கா வந்தா உங்க பேரை மறுபடியும் எழுதறேன். பிராக்டீஸ் எங்க, எப்பன்னு அப்புறம் பேசிக்கலாம். வரலேன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சது. சரியா?"

"சரி சார்."

"நாலு நிமிஷப் பாட்டு. ஒரு செகண்ட் முன்னயும் வேணாம், பின்னயும் வேணாம்."

மழைப் பாட்டு மாஸ்டரே கட்டியது. ஏரி வற்றின ஒரு கோடையில் கட்டினாராம். மெதுவான பாட்டு. முதல் துளி மண்ணில் விழுவது மாதிரி ஒவ்வொரு சொல்லும் தனியாக விழ வேண்டும்.

மே மாதம்

ஃபேட் என்கிற எங்கள் சர்ச் விழாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. பெங்களூர், சென்னை, துபாய் என்று போனவர்கள் எல்லாம் ஒரு வாரம் வருவார்கள். சர்ச் கிரவுண்டில் துணிப் பந்தல். பிரியாணி ஒரு பக்கம், ரோஸ் மில்க் ஒரு பக்கம். வளையம் எறிகிற கடை. லக்கி டிப். நடுவில் ஹௌஸி, சீட்டில் எண் அடிக்கிற ஆட்டம். எண் கூப்பிடும்போது கிரவுண்டே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கல்யாண வீட்டுக்கு வராத கிழவர்கள்கூட ஹௌஸிக்கு வருவார்கள், பென்சிலைத் தாங்களே கொண்டு வருவார்கள்.

முன்பெல்லாம் பாண்டு உண்டு. டிரம்பெட், டிரம்ஸ். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக ஜைவ் ஆடுவார்கள். ஸ்டெல்லாவின் மாமனார் அந்த ஆட்டத்தில் பேர் போனவர். எழுபது வயதில் தொப்பியோடு சுற்றிச் சுற்றி ஆடி, மறுநாள் முழுக்க முதுகைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். இப்போது பெங்களூரிலிருந்து லைட் மியூசிக் வருகிறது. ஆறு மணிக்கு அவர்கள். அதற்கு முன் ஐந்தரைக்கு நாங்கள்.

நாற்பது நாள் பயிற்சி செய்தோம். கோரமண்டலிலிருந்து பங்காருப்பேட்டை வரை.

மாஸ்டர் பாடினதைத் திவ்யா போனில் பதிவு செய்து வைத்திருந்தாள். கேட்டுக் கேட்டுப் பாடினோம். முதல் வாரம் மோசம். இரண்டாம் வாரம் சொற்கள் வந்தன. மூன்றாம் வாரம் லட்சுமியின் கீழ்க் குரல் வந்து உட்கார்ந்தது. நான்காம் வாரம் பெட்டியே தலையாட்டியது.

ஏழு பேரும் ஒன்றாகத் தொடங்கினோம், ஒன்றாக முடித்தோம். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டெல்லா கை காட்டக்கூட வேண்டாம்.

"ஆயித்து பிடி அக்கா," என்றாள் திவ்யா கன்னடத்தில், முடிந்தது விடுங்க என்று. "நாம பக்கா ரெடி. மாஸ்டர் ஷாக் ஆயிடுவாரு."

மாஸ்டர் ஷாக் ஆனார். அது அப்புறம்.

சனிக்கிழமை ராணி ஏழு பேருக்கும் ஒரே மாதிரி பச்சைப் புடவை வாங்கிவிட்டு வந்தாள். லட்சுமி தனக்கு மட்டும் பார்டர் சின்னது என்று முறைத்தாள்.

மேடை

பாட்டு வரவில்லை என்றேன் அல்லவா. சுத்தமாக வரவில்லை என்று இல்லை. வந்தது. ஏழு பாட்டாக வந்தது.

ஸ்டெல்லா தொடங்கினாள். பிலோமினா அரைச் சொல் கழித்து வந்தாள். கிரேஸ் பிலோமினாவுக்காகக் காத்திருந்து இன்னும் பின்னால் வந்தாள். ராணி இரண்டாம் வரிக்குப் போய்விட்டாள். நான் வாயைத் திறந்து மூடினேன்.

ஸ்டெல்லா நிறுத்தினாள். மறுபடியும் கையைத் தூக்கினாள். மறுபடியும் அதே கதை.

ஹௌஸி சீட்டை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றபடியே பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா ஸ்டெல்லாக்கா, சிக்னல் வுழலயா?"

சிரிப்பு கிளம்பியது. எல்லோரும் தினமும் அந்த வண்டியில் போகிறவர்கள்தானே. நன்றாகச் சிரித்தார்கள்.

எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், ஸ்டெல்லா முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

திவ்யா என் காதில் சொன்னாள். "அக்கா, பீட் இல்ல. பீட்டே இல்லக்கா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாற்பது நாள் நாங்கள் மாஸ்டரின் தாளத்தில் பாடவில்லை. வண்டியின் தாளத்தில் பாடினோம். காலுக்கடியில் தடக் தடக், தடக் தடக் என்று அது போட்டுக்கொண்டே வந்தது. நாங்கள் அதன்மேல் ஏறி நின்றோம். யார் தாளம் போடுவது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் தாளம் இருந்தது. இங்கே பலகை ஓடவில்லை. பிடித்துக்கொள்ளத் தலைக்குமேல் கைப்பிடிகூட இல்லை. ராணியின் கை இரண்டு தடவை மேலே போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

மாஸ்டர் ரிஜிஸ்டரைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. எங்கள் காலைப் பார்த்தார்.

ஸ்டெல்லா இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு காலை நகர்த்தினாள்.

அப்போது லட்சுமி குதிகாலால் பலகையை இடித்தாள்.

தட் தட். தட் தட்.

"பதண்டி அக்கா," என்றாள். போகலாம் வாங்க என்று அர்த்தம்.

தட் தட். தட் தட்.

பிலோமினா இடித்தாள். கிரேஸ் இடித்தாள். ஏழு பேரும் இடித்தோம். பெஞ்சுகள்மேல் போட்ட பலகை. குலுங்கியது. மைக் ஸ்டாண்ட் தலையாட்டியது. லைட் மியூசிக்காரர் ஒருவர் ஓடி வந்து தன் கீபோர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு வந்தது. ஒன்றாக வந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஜனங்கள் கை தட்டினார்கள், அதே தாளத்தில். சிலர் வண்டி மாதிரி கூவினார்கள். மண் எழும்பி எங்கள் புடவை முட்டிவரை வெள்ளையாகிவிட்டது.

நாலு நிமிஷப் பாட்டு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

கை தட்டல் அடங்க நேரமாயிற்று. கீழே பார்த்தேன். மாஸ்டர் நாற்காலி காலி. ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

ராணி பிரியாணி வாங்கி வந்தாள். எல்லோரும் எங்களிடம் வந்து நன்றாக இருந்தது, நன்றாக இருந்தது என்றார்கள். கேலி பண்ணினவரும் வந்து சொன்னார். ஸ்டெல்லா எல்லோருக்கும் தலையாட்டினாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"துளித் துளியா வுழணும்னாரு," என்றாள் என்னிடம். "நாம கல்லு கொட்டினோம்."

"நல்லாதான் இருந்துது."

"நல்லா இருந்துது. அவரு கேட்டது இல்ல." புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "வுடு. பெஞ்சு எங்க போவப் போகுது."

லைட் மியூசிக் தொடங்கியது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை

மறுநாள் வேலை. கோரமண்டல் பிளாட்பாரத்தில் எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. துணிப் பை. அம்புரோஸ் மாஸ்டர்.

"எங்க சார், இந்நேரத்துக்கு?" என்றாள் பிலோமினா.

"பங்காருப்பேட்டை."

"யாராவது சொந்தக்காரங்களா?"

"நீங்கதான்."

வண்டி வந்தது. நாங்கள் ஏறினோம். அவரும் பின்னால் ஒரு காலை வைத்தார். உள்ளேயிருந்து கத்தல்.

"யோவ் பெரியவரே, இது லேடீஸ்! கண்ணு தெரியலயா?"

"ஐயோ, அவரு எங்க மாஸ்டர்மே!" என்றாள் ஸ்டெல்லா.

"மாஸ்டரா இருந்தா இன்னா, மினிஸ்டரா இருந்தா இன்னா? இறங்கச் சொல்லு!"

மாஸ்டர் காதுவரை சிவந்து இறங்கிவிட்டார். கார்டு விசில் அடித்தார். ஸ்டெல்லா எங்களைப் பார்த்தாள். ஒரு நொடி. அவள் ஜன்னல் சீட்டிலிருந்து பையை எடுத்தாள். நாங்களும் எடுத்தோம். ஏழு பேரும் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினோம். மாஸ்டரை முழங்கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றினோம்.

எங்கள் சீட்டில் அதற்குள் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். அது தெரிந்துதான் இறங்கினோம்.

பொதுப் பெட்டி. நிற்கத்தான் இடம். ஒரு பையன் எழுந்து மாஸ்டருக்கு உட்கார இடம் கொடுத்தான். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டு நான் கட்டினது," என்றார். "நேத்து நீங்க பாடினது என்னுது இல்ல. அப்ப யாரோடதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். தூக்கம் போச்சு. பாடுங்க."

"இங்கயா சார்?"

"எங்க கத்துக்கினீங்களோ அங்கதான்."

பாடினோம். தலைக்குமேல் கைப்பிடி இருந்தது. காலுக்கடியில் வண்டி இருந்தது. பிசகே இல்லை. சுற்றி நின்றவர்கள் போனை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

மாஸ்டர் கண்ணை மூடி, உள்ளங்கையை அதிர்கிற ஜன்னல் கம்பியில் வைத்திருந்தார். பாட்டு முடிந்தும் கையை எடுக்கவில்லை.

"ஓஹோ," என்றார். "இவன்தானா அது."

பிறகு கண்ணைத் திறந்தார். பள்ளிக்கூடக் குரல் வந்துவிட்டது.

"கேளுங்க. இவன் ரெண்டு தடவை அடிச்சா நீங்க ஒண்ணு எண்ணணும். ரெண்டுக்கு ஒண்ணு. இவன் ஓடட்டும். நீங்க நடங்க. புரியுதா?"

புரியவில்லை. செய்தோம். ராணி முன்னால் ஓடிவிட்டாள். "நட, நட," என்றார் மாஸ்டர். மறுபடியும். திவ்யா விரலில் எண்ணினாள். மறுபடியும். நான்காவது தடவை வந்தது. ஓடுகிற வண்டியில் மெதுவான பாட்டு. ஒவ்வொரு சொல்லும் தனியாக. ஸ்டெல்லா குரலை அடக்கவில்லை. லட்சுமி கீழே கூடவே வந்தாள்.

மூன்றாம் வரியில் வண்டி வேகம் குறைந்தது. பங்காருப்பேட்டைக்கு முன்னால் தினமும் நிற்கிற இடம். மற்ற நாள் அங்கே வருவதற்குள் பாட்டை முடித்துவிடுவோம். சத்தம் இளைத்து, இளைத்து, நின்றுவிட்டது.

ஃபேன் மட்டும் ஓடியது.

லட்சுமி குதிகாலைத் தூக்கினாள். மாஸ்டர் ஒரு விரலைக் காட்டினார். வேண்டாம்.

ஸ்டெல்லா நிறுத்தவில்லை. நாங்களும் நிறுத்தவில்லை. நான் எதன்மேல் நின்று பாடினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பிலோமினாவின் தோள் என் தோளில் பட்டது. அவள் மூச்சு இழுப்பது தெரிந்தது. நானும் இழுத்தேன். நான்காம் வரி. ஐந்தாம் வரி. வண்டி நின்றபடியே இருந்தது. வெளியே பொட்டல் காட்டில் ஒருவர் ஆடு ஓட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தபடியே நடந்தார்.

முடித்தோம்.

மாஸ்டர் நல்லது என்று சொல்லவில்லை. அவர் எப்போதும் சொல்வதில்லை. பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்தார். சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைத் தாண்டி, புதுப் பக்கம் திறந்தார். ஸ்டெல்லா என்று எழுதினார். பிறகு ஒவ்வொருவராக.

லட்சுமியிடம் வந்ததும் பேனா நின்றது.

"உன் பேரு?"

"லட்சுமி, சார்."

மாஸ்டர் மூக்கைச் சொறிந்தார். "பூசையில பாடணும்னா ஃபாதரைக் கேக்கணும்மா."

"பூசைக்கு வேணாம் சார். எனக்கு ட்ரெயின் போதும்."

எழுதிக்கொண்டார்.

ஸ்டெல்லா தன் பேர் எழுதின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கிரேஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தாள்.

வண்டி நகர்ந்தது. ஸ்டேஷன் வந்தது. மாஸ்டர் எழவில்லை. ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டம் பாக்கி இருந்தது. பயிற்சி நடந்த நேரம் எழுதுகிற கட்டம். வாட்ச்சைப் பார்த்தார்.

"நடுவுல நின்ன நேரத்தைக் கழிச்சுடலாமா சார்?" என்றாள் திவ்யா.

"எதுக்குக் கழிக்கணும்? நின்னப்பதானே பாடினீங்க," என்றார்.

எழுதினார். பேனாவை மூடினார். ஸ்டெல்லா அவர் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பஸ் பிடித்துத் திரும்பிப் போகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.

இருபத்தாறு நிமிடம்.